இரண்டாவது சிசேரியன்: எந்த முறை நல்லது?

கேள்வி: மூன்று வருடம் முன்பு சிசேரியனில் முதல் குழந்தை பிறந்தது. இப்போது 34-வது வாரம். "புது முறையில் செய்தால் வலி குறைவு, தழும்பும் தெரியாது; 15,000 ரூபாய் கூடுதல்" என்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது, டாக்டர்? (வாசகி, திருப்பூர்)

முதலில் அந்த 15,000 ரூபாயை பத்திரமாக எடுத்து வையுங்கள், அம்மா.

'புது முறை' என்று பெரும்பாலும் சொல்வது ஜெருசலேமில் உள்ள மிஸ்கவ் லடாக் மருத்துவமனையின் பெயரால் வழங்கும் முறையைத்தான். தசையை வெட்டாமல் விரலால் விலக்குவார்கள், சில அடுக்குகளைத் தைக்காமல் விடுவார்கள். 1990-களிலேயே பரவிவிட்டது, தனிக் கருவி எதுவும் தேவையில்லை. முதல் சிசேரியனில் நேரம் மிச்சமாகும், சரி. இரண்டாவதில் உள்ளே அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கலாம். சிறுநீர்ப்பை மேலேறி கர்ப்பப்பையின் பழைய தழும்பில் அப்பிக்கொண்டிருக்கலாம். அங்கே விரலால் இழுத்தால் பிய்ந்துவிடும், கத்தரியைத்தான் எடுக்க வேண்டும். அது வயிற்றைத் திறந்த பிறகு தெரியும் சங்கதி. பேக்கேஜ் பேசும் மேஜையில் யாருக்கும் தெரியாது.

இந்தியா உட்பட 7 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம், முதல் அல்லது இரண்டாவது சிசேரியனின்போது, 'கொரோனிஸ்' என்ற ஆய்வு நடந்தது. விரலா கத்தரியா, கர்ப்பப்பைக்கு ஒரு அடுக்குத் தையலா இரண்டா என்றெல்லாம் ஒப்பிட்டார்கள். 2013-இல் வந்த முடிவு: பெரிய வித்தியாசம் இல்லை. 3 ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அதே கதைதான். தழும்பு தெரியாது என்று சொல்லி விற்கும் 'காஸ்மெடிக் தையல்' என்பது தோலுக்கு அடியில் ஓடும் சாதாரண நூல் தையல். அதைக் கேட்டு வாங்குங்கள், ஸ்டேப்ளர் பின் அடித்தால் காயம் பிரியும் வாய்ப்பு கூடுதல். ஆனால் அதற்குத் தனிக் காசு எதற்கு? 'லேசர் சிசேரியன்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் இந்தக் கணக்கையெல்லாம் புரட்டிப் போடும்: நஞ்சுக்கொடி இருக்கும் இடம். ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். நஞ்சு கர்ப்பப்பை வாயை மூடியபடி கீழே இருந்தால், அது பழைய தழும்புக்குள் வேர்விட்டிருக்கலாம். ஒரு சிசேரியன் முடிந்து இப்படி நஞ்சு கீழே இருக்கும் பெண்களில் நூற்றுக்குப் பத்துப் பதினொரு பேருக்கு அது நடக்கிறது. பிரித்தெடுக்கப் போனால் ரத்தம் கொட்டும், கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிவரலாம். தழும்பின் மேல் நஞ்சு இருக்கிறதா என்று குறிப்பாகக் கேட்டு ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். ஆமாம் என்றால் ரத்த வங்கியும் சிறுநீரக அறுவை மருத்துவரும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்போதே மாறுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும் கௌரவக் குறைச்சல் இல்லை. கடைசி நேரத்தில் ஆம்புலன்சில் போவதுதான் ஆபத்து.

அப்புறம், பழைய ஆபரேஷன் குறிப்பு. என்னிடம் வருபவர்களின் பைலில் பஞ்சு, கையுறை வரை விலை போட்ட பில் பக்கம் பக்கமாக இருக்கும். ஆபரேஷனைப் பற்றி 'எல்.எஸ்.சி.எஸ். டன்', அதாவது சிசேரியன் முடிந்தது, என்று ஒரே வரி. கர்ப்பப்பையைக் குறுக்கே வெட்டினார்களா, நெடுக்கேயா, கிழிந்ததா, எதுவும் இருக்காது. எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை விதி. "ரெக்கார்ட் ரூம் பூட்டியிருக்கிறது" என்பார்கள், திறக்கச் சொல்லுங்கள். நெடுக்கு வெட்டு என்று அதில் இருந்தால், வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இந்த இரண்டு சிக்கலும் இல்லையென்றால், ஜோசியர் குறித்த நேரம் 39 வாரத்துக்கு முன்னால் விழுந்தால் அவரிடம் வேறு நாள் கேளுங்கள்.