மூலையில நிக்கிற துண்டு எங்கதான் போகுது?

அண்ணே, வணக்கம்.

தேவகோட்டையிலேருந்து எழுதுறேன். எம் மக பிளஸ் டூ படிக்கிறா. எக்ஸ் ஸ்கொயர் வளைவுக்குக் கீழ 0 முதல் 1 வரைக்கும் பரப்பு 1/3-ன்னு செவ்வகம் செவ்வகமா வெட்டிக் கண்டுபிடிக்கிற கணக்கு. அவ கேக்குறா, எத்தனை செவ்வகம் போட்டாலும் மூலைக்கு மூலை ஒரு துண்டு மிச்சம் நிக்கிதே, அப்ப 1/3-ங்கறது சுமார் கணக்குதானேன்னு. டியூஷன்ல கேட்டதுக்கு கடைசியில அகலம் ஜீரோ ஆயிரும்னாங்களாம், ஜீரோ அகலத்துக்கு ஏது பரப்புன்னு இவ திருப்பிக் கேக்க, பேசாம படின்னுட்டாங்களாம். நீங்க சொல்லுங்கண்ணே. அப்பறம் வீட்டுக்குத் தரை போடுறதா எழுதியிருந்தீங்களே, முடிஞ்சிருச்சா?

*

தங்கச்சிக்கு,

நான் ஒங்க மக பக்கம். அகலம் ஜீரோ ஆகவே ஆகாது. பத்து பட்டையா வெட்டு, பத்தாயிரம் பட்டையா வெட்டு, மூலையில துண்டு நிக்கத்தான் செய்யும். அது இல்லவே இல்லன்னு சொல்றதுலதான் புள்ளைங்களுக்கு கணக்கு மேல நம்பிக்கை போகுது.

தரை விஷயத்துலேருந்தே வர்றேன். எங்க வீட்டுப் பட்டாலை ஓரத்துல வளைவா ஒரு மேடை இருக்கு, அதுக்கு ஆத்தங்குடி கல்லு பதிக்கணும். கொத்தனார் ரெண்டு எண்ணிக்கை எடுத்தாரு. வெட்டாம முழுசா உக்கார்ற கல்லு எத்தனை, வளைவுல வெட்டுப்படுறதையும் முழுக்கல்லா சேத்தா எத்தனை. மேடையோட பரப்பு மொத எண்ணிக்கைக்குக் கொறையாது, ரெண்டாவதத் தாண்டாது, அவ்வளவுதான். கல்ல தீப்பெட்டி சைசுக்கு சின்னதாக்குனா ரெண்டும் கிட்டக் கிட்ட வரும், ஆனா ரெண்டும் ஒண்ணாயிராது.

இப்ப ஒங்க வளைவு. 4 பட்டையா வெட்டி, வளைவுக்கு உள்ளயே அடங்குற செவ்வகங்களக் கூட்டுனா 0.21875. வளைவுக்கு மேல முட்டிக்கிட்டு நிக்கிற செவ்வகங்களக் கூட்டுனா 0.46875. பத்து பட்டைன்னா 0.285-ம் 0.385-ம். நூறுன்னா 0.32835-ம் 0.33835-ம். ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசத்தக் கவனிங்க, 1/4, 1/10, 1/100. இது தற்செயல் இல்ல. ஒவ்வொரு பட்டையிலயும் பெரிய செவ்வகத்துக்கும் சின்னதுக்கும் நடுவுல ஒரு குட்டிச் செவ்வகம் மிஞ்சுதுல்ல, அதையெல்லாம் அப்படியே வலது பக்கம் தள்ளிக்கிட்டு வந்து கடைசிப் பட்டையில டிபன் கேரியர் மாதிரி ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கச் சொல்லுங்க, சரியா 1 ஒசரம் வரும், அகலம் ஒரே ஒரு பட்டை. அதான் மொத்த மிச்சமும். (வளைவு ஏறிக்கிட்டே போனாத்தான் இப்படி நேரா அடுக்கும், ஏறி எறங்குச்சுன்னா உச்சியில ரெண்டா பிரிச்சுக்கணும்.)

சரி, இதுல 1/3 'சரியா' எப்படின்னா, அது ஏதோ கடைசிச் செவ்வகத்தப் போட்டதும் கெடச்ச விடை இல்ல. உள்ளடங்குற எல்லாக் கூட்டலுக்கும் மேலயும், வெளிய நிக்கிற எல்லாக் கூட்டலுக்கும் கீழயும் நிக்கக்கூடிய எண் அது ஒண்ணுதான், வேற எந்த எண்ணும் அந்த எடத்துல நிக்காது. ஒருத்தர் வந்து பரப்பு 0.3334-ன்னு அடம் பிடிக்கிறார்னு வைங்க. 10,000 பட்டையா வெட்டுங்க, வெளிக் கூட்டலே 0.333383335-தான் வருது, பரப்பு அதத் தாண்ட முடியாது, அப்ப அவர் சொன்னது அவுட்டு. 0.3333-ன்னு கொறச்சுச் சொன்னாலும் அதே கதிதான், உள் கூட்டல் ஒருநாள் அவரத் தாண்டிரும், என்ன, இன்னும் கொஞ்சம் மெலிசா வெட்டணும். 1/3-ன்னு சொன்னவர மட்டும் எவ்வளவு மெலிசா வெட்டியும் அசைக்க முடியாது. துண்டு மிச்சம் நிக்கிது, விடையில சுமாரு இல்ல, ரெண்டும் உண்மைதான்.

ஆர்க்கிமிடீஸ் கி.மு. மூணாம் நூற்றாண்டுலயே இதே வழியிலதான் போனாரு. பரவளையத்த (ஒங்க எக்ஸ் ஸ்கொயர் வளைவும் அந்த வகைதான்) ஒரு கோட்டால வெட்டுனா வர்ற துண்டு, அதே அடியும் அதே ஒசரமுமா உள்ள வரையிற முக்கோணத்தப் போல 4/3 மடங்குன்னு சொன்னவரு, அதுக்கு மேலயும் இருக்க முடியாது கீழயும் இருக்க முடியாதுன்னு ரெண்டு பக்கமும் கதவச் சாத்திட்டாரு. இப்ப நாம புக்குல படிக்கிற வடிவம் ரீமன்னு ஒரு ஜெர்மன் கணக்கு மேதை 1854-ல எழுதுனது, பட்டையெல்லாம் ஒரே அகலத்துல இருக்கணும்னுகூட அவர் கேக்கல.

மகளுக்கு இன்னொண்ணு குடுங்க. அதே 4 பட்டையில ஒசரத்த ஓரத்துல எடுக்காம நடு மத்தியில எடுத்துக் கூட்டச் சொல்லுங்க. 0.328125 வரும், 1/3-க்கு எவ்ளோ கிட்ட பாருங்க. ஒவ்வொரு பட்டையிலயும் ஒரு பக்கம் கூடுறத இன்னொரு பக்கம் கொறையிறது பெரும்பாலும் ஈடுகட்டிருது. பாதிக்கு மேல உள்ள இருந்தா முழுக்கல்லு, இல்லாட்டி விட்ருன்னு கண்ணாலயே எண்ணுவாங்கள்ல சில கொத்தனாருங்க, ஏறக்குறைய அந்தப் புத்திதான்.

தரை முடிஞ்சிருச்சு. ஆனா கொத்தனார் ரெண்டாவது எண்ணிக்கைக்கு கல்லு வாங்கச் சொன்னாரு, நான் பெரிய கணக்குப்புலியாட்டம் பரப்பத் துல்லியமாக் கண்டுபிடிச்சு அந்த அளவுக்கே வாங்குனேன், வெட்டுன கல்லோட மிச்சம் வேற எடத்துல பொருந்தவே இல்ல, ஏழு கல்லு கொறஞ்சிருச்சு. கையால வார்க்கிற கல்லு, மறுபடி போய் வாங்குனது நெறம் ஒரு பொட்டு மாறிப்போச்சு. இப்ப அந்த ஏழு மேலயும் பாய விரிச்சு வச்சிருக்கேன், வீட்டுக்காரம்மா பெருக்குறப்பல்லாம் அதச் சுருட்டி வச்சிட்டு என்னய ஒரு பார்வை பாக்குது.