கேட்டால் புரிகிறது, பேச வாய் வரவில்லை

வணக்கம் ஐயா.

நான் பட்டர்வொர்த்தில் வளர்ந்தவள். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்துவிட்டு மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். 12 ஆண்டுகளுக்கு முன், பல்கலைக்கழகம் புகுவதற்கான ஆங்கிலத் தேர்வான மூவெட்டில் பேண்ட் 4 (நான்காம் நிலை) கிடைத்தது. இப்போது பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஆங்கில மின்னஞ்சலும் மேனுவலும் நன்றாகப் புரிகின்றன. சப்டைட்டில் இல்லாமலே படம் பார்ப்பேன். ஆனால் காலைக் கூட்டத்தில் என் உற்பத்தி லைனைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் பேசச் சொன்னால் சொல் தொண்டையில் நின்றுவிடுகிறது. கேண்டீனில் சீனத் தோழியோடு அதே ஆங்கிலத்தில் பேசும்போது இந்தத் தடுமாற்றம் இல்லை. ஆங்கிலம் தெரியாமலேயே இவ்வளவு தூரம் வந்துவிட்டேனோ என்று வெட்கமாக இருக்கிறது. இலக்கண வகுப்பில் சேரட்டுமா?

ஒரு வாசகி, பினாங்கு

அன்புள்ள சகோதரிக்கு,

இலக்கண வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். மேனுவலைப் படித்து ஒரு லைனையே நடத்துகிறவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று யார் சொன்னது? இத்தனை ஆண்டும் நீங்களே உங்களை அப்படி எண்ணிக்கொண்டீர்களே, அதுதான் எனக்கு வருத்தம்.

கேட்கும்போது சொல் வெளியிலிருந்து வருகிறது. அடையாளம் கண்டால் போதும், பாதி காதில் விழாவிட்டாலும் மீதியை ஊகித்துவிடலாம். பேசும்போது சொல்லை நாமே தேடி எடுத்து, வரிசைப்படுத்தி, காலம் சேர்த்து, உச்சரிக்க வேண்டும். அதுவும் எதிரே இருப்பவர் காத்திருக்கும்போதே. கனடாவில் பிரெஞ்சு வழியாகவே பாடம் படித்த, வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளை மெரில் ஸ்வெயின் என்ற ஆய்வாளர் கவனித்தார். பல ஆண்டு படித்தபின் அவர்கள் பிரெஞ்சை நன்றாகப் புரிந்துகொண்டார்கள், பேச்சு மட்டும் பின்தங்கியே இருந்தது. வகுப்பில் அவர்கள் வாய் திறந்து பேச வேண்டிய தேவை குறைவு என்பதை ஒரு காரணமாக 1985இல் அவர் எழுதினார். உங்கள் கதையும் இதுவே. நீங்கள் எழுதிய பழைய மூவெட்டில் மொத்தம் 300 மதிப்பெண். அதில் வாசிப்புக்கு 120, பேச்சுக்கு வெறும் 45. வாய் அதிகம் திறக்காமலே நல்ல பேண்ட் வாங்க முடிந்தது. 2021இல்தான் நான்கு திறனுக்கும் சம பங்கு வந்தது.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது கேண்டீன் வரி. ‘கேன் லா’, ‘ஃபினிஷ் ஆல்ரெடி’ என்று அங்கே தடையின்றி வருகிறதென்றால் நாக்கில் ஒரு குறையும் இல்லை. அங்கே வாக்கியம் குட்டை, யாரும் மதிப்பெண் போடுவதும் இல்லை. கூட்டத்தில் இரண்டும் மாறிவிடுகின்றன. முதலாவதைச் சரிசெய்வது உங்கள் கையில்தான் இருக்கிறது.

‘நேத்து ராத்திரி ரெண்டாவது லைன் நின்னுபோயி, டெக்னீஷியன் வந்து பார்த்து, சென்சார மாத்தி, இப்ப ஓடிக்கிட்டு இருக்கு.’ தமிழில் இப்படி வினையெச்சத்தை அடுக்கிக்கொண்டே போகலாம், காலத்தைக் கடைசி வினை பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் இப்படிச் சொல்லும்போது பெரும்பாலும் ஒவ்வொரு வினையிலும் காலத்தைக் காட்ட வேண்டும். வினையும் முன்னாலேயே வந்தாக வேண்டும். தமிழ் வாக்கியத்தை மனத்தில் முழுதாகக் கட்டிவிட்டு மொழிபெயர்க்கப் போனால், கடைசியில் கிடக்கும் வினையை முன்னுக்கு இழுக்கிற இடத்தில்தான் சிக்கல். ஆகவே வெட்டிவிடுங்கள்: ‘லைன் டூ வென்ட் டவுன் லாஸ்ட் நைட். த டெக்னீஷியன் செக்ட் இட். ஹி ரிப்ளேஸ்ட் த சென்சர். இட்ஸ் ரன்னிங் நௌ.’ எதிலும் ஆறு சொல்லுக்கு மேல் இல்லை. கேட்கிற எஞ்சினியருக்கும் இப்படிச் சொன்னால்தான் வசதி.

தினமும் இரவு 15 நிமிடம் ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்காருவது பலன் தராது. அன்று லைனில் என்ன நடந்தது, ஏன், அடுத்து என்ன என்ற மூன்றுக்கும் ஒரு துண்டுத்தாளில் ஐந்தாறு சொல்லும் எண்களும் மட்டும் குறியுங்கள். போனில் பதிவு செய்தபடி 2 நிமிடம் பேசுங்கள். அதே விஷயத்தை மறுபடி ஒன்றரை நிமிடத்தில், பிறகு 1 நிமிடத்தில். நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் 1989இல் ஆய்ந்து எழுதிய 4-3-2 நிமிட முறையைத்தான் உங்களுக்காகச் சுருக்கியிருக்கிறேன். அதில் ஒரே செய்தியை மூன்று பேரிடம் குறைந்துகொண்டே போகும் நேரத்தில் சொல்வார்கள். முதல் சுற்றில் மூளை செய்தியைத் தேடுவதிலேயே போய்விடும். மூன்றாவதில் செய்தி தயாராக இருப்பதால் வாய்க்கு வழி கிடைக்கும். நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். முதல் பதிவைக் கேட்டு ஒரே ஒரு பிழையை எடுத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

பலர் கெடுத்துக்கொள்வது இங்கேதான்: முழுப் பேச்சையும் எழுதி மனப்பாடம் செய்வார்கள். ஒரு சொல் நழுவினால் எல்லாம் சரியும், நடுவில் யாராவது கேள்வி கேட்டால் திரும்ப வர வழி தெரியாது. பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று கிசுகிசுப்பதும் வேண்டாம், கூட்டத்தில் பேசப்போகும் அதே குரலில் பேசிப் பழகுங்கள். நிறுத்திய காரில் உட்கார்ந்து பேசலாம். முதல் இரண்டு வாரம் தலைப்பை மாற்றாதீர்கள். அரசியலும் பருவநிலையும் பிறகு வரட்டும், உங்கள் லைன் மட்டும் போதும்.

உச்சரிப்பில் லண்டன்காரர் போல ஆக வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது சொல்லின் வால். மலாய் வினை காலத்துக்காக உருமாறாது, ‘ஆயிற்று’ என்ற பொருளில் ‘சுடா’ என்று முன்னால் போட்டால் முடிந்தது. அதனால் நம் நாட்டுப் பேச்சில் ‘செக்ட்’ சுலபமாக ‘செக்’ ஆகிவிடுகிறது. ‘வி செக் இட்’ என்றால் பார்த்தாயிற்றா, இனிமேல்தானா என்று மேனேஜர் திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்வியிலேயே உங்களுக்குக் கை நடுங்கும். வாலை அடுத்த சொல்லோடு ஒட்டுங்கள்: ‘செக்-டிட்’, ‘ரிப்ளேஸ்-டிட்’. லைனில் அடிக்கடி வரும் இருபது சொற்களுக்கு அழுத்தம் எங்கே என்று ஒலியுள்ள அகராதியில் கேட்டு வையுங்கள். ‘கம்போனன்ட்’டில் ‘போ’ மீது, ‘மெயின்டனன்ஸ்’ஸில் ‘மெயின்’ மீது.

எதிர்பாராத கேள்விக்கு மூன்று வாக்கியங்கள் வாயில் தயாராக இருக்கட்டும். ‘ஸாரி, விச் லைன் டூ யூ மீன்?’ ‘லெட் மி புட் இட் அனதர் வே.’ ‘லெட் மி செக் அண்ட் கெட் பேக் டு யூ பை டென்.’ கடைசியில் அந்த ‘பை டென்’ இல்லாவிட்டால் நழுவுவது போல் ஒலிக்கும், நேரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொன்றையும் யோசிக்காமல் வரும்வரை சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.

இன்னொன்று, கூட்டத்தில் முதல் ஆளாகப் பேச அனுமதி கேளுங்கள். நான்காவது ஆளாகப் பேசக் காத்திருந்தால் மற்ற மூவரின் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டே நெஞ்சு அடித்துக்கொள்ளும், குறித்து வைத்த எண்களும் மறந்துபோகும்.