கேள்வி – பதில்: ஒலிம்பஸ் மலைத் தெய்வங்கள்

உயர்தரத்தில் கிரேக்க உரோம நாகரிகம் படிக்கிறேன். ஒரு குறிப்பில் பன்னிரு தெய்வங்களில் ஹெஸ்தியா இருக்கிறாள். இன்னொன்றில் அவள் இடத்தில் டயனீசஸ். எது சரி? ஹேடிஸ் ஏன் இல்லை?
– மாணவி, உவர்மலை

இரண்டும் சரி. பன்னிரண்டு என்ற எண் மாறாது, ஆட்கள் ஊருக்கு ஊர் மாறுவார்கள். வழக்கமாக வரும் பதினொரு பேர்: சியூஸ், ஹீரா, போசைடன், டிமீட்டர், அதீனா, அப்பலோ, ஆர்ட்டெமிஸ், ஏரீஸ், அஃப்ரொடைட்டி, ஹெபஸ்டஸ், ஹெர்மிஸ். ஏதென்சில் பார்த்தினன் கோயிலின் கிழக்குச் சிற்ப வரிசையில் இவர்களோடு அமர்ந்திருப்பவர் டயனீசஸ். சியூசின் வழிபாட்டுத் தலமான ஒலிம்பியாவிலோ கணக்கே வேறு. ஆறு பலிபீடங்கள், பீடத்துக்கு இருவர். அதில் சியூசின் பெற்றோரான குரோனசும் ரேயாவும் வருகிறார்கள். பக்கத்தில் ஓடும் அல்பியஸ் ஆறுகூட ஆர்ட்டெமிசோடு ஒரு பீடத்தைப் பகிர்ந்துகொள்கிறது. கொட்டியாரத்தில் மகாவலிக்குப் பீடம் வைத்துக் கும்பிடுவதாக நினைத்துப் பாருங்கள், விளங்கும்.

டயனீசசுக்காக ஹெஸ்தியா தன் ஆசனத்தை விட்டுக்கொடுத்தாள் என்று மட்டும் விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள். பழைய கிரேக்க நூல் எதிலும் அந்தக் கதை கிடையாது. ஹேடிஸ் சியூசின் உடன்பிறந்தவர்தான். ஆனால் அவர் இருப்பிடம் பாதாளம், மலை அல்ல. அதனால் பொதுவாக இந்தப் பன்னிருவரில் சேர்ப்பதில்லை.

அப்பலோ சூரியன், ஆர்ட்டெமிஸ் சந்திரன் என்று எழுதலாமா?
– வாசகர், நிலாவெளி

ஹோமர் காலத்துக்கு எழுதினால் பிழை. சூரியனுக்கு ஹீலியோஸ், நிலவுக்கு செலீனி என்று தனித்தனித் தெய்வங்கள் இருந்தன. இணைத்துப் பார்த்தது பிற்காலத்தில்.

கும்பாபிஷேகத்துக்கு முன் நாங்கள் எண்ணெய்க்காப்புச் சாத்துகிறோம். கிரேக்கர்களும் சிலைக்கு எண்ணெய் வைத்தார்களாமே, அதுவும் இதுபோலத்தானா?
– வாசகி, தம்பலகாமம்

நீங்கள் கேள்விப்பட்டது ஒலிம்பியாவின் சியூஸ் சிலையாக இருக்க வேண்டும். அந்த எண்ணெய் சடங்குக்கு அல்ல, சிலையைக் காப்பாற்ற. ஃபிடியாஸ் செய்த அந்தச் சிலை, உட்கார்ந்த நிலையிலேயே ஏறத்தாழ 12 மீற்றர். உள்ளே மரச்சட்டம், உடம்புக்கு யானைத் தந்தத் தகடுகள், ஆடைக்குப் பொன். இப்படிச் செய்த சிலைக்குப் பகை காற்றின் ஈரம் கூடிக் குறைவதுதான். ஈரம் ஏறினால் மரம் ஊதும், வறண்டால் தந்தம் வெடிக்கும். இரண்டிலும் தகடுகளின் பொருத்து விட்டுப்போகும்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே போன கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியஸ் பார்த்ததைத் துல்லியமாக எழுதியிருக்கிறார். சிலைக்கு முன்னால் உள்ள தரை மட்டும் கறுப்பு நிறக் கல். அதைச் சுற்றி வெண்பளிங்கில் உயர்த்திய வரம்பு, ஊற்றும் ஒலிவ் எண்ணெய் வெளியே ஓடாமல் நிற்பதற்கு. ஒலிம்பியா சதுப்பு நிலம்; ஈரத்திலிருந்து தந்தத்தைக் காப்பது எண்ணெய் என்கிறார். ஏதென்சின் குன்றில் அதே சிற்பி செய்து கி.மு. 438இல் நிறுவிய அதீனாவுக்கோ எண்ணெய் இல்லை, தண்ணீர்! அந்த உச்சியில் காற்று வறட்சி, தந்தத்துக்கு ஈரம் தேவை. சிற்பியும் ஒருவர், பொருளும் ஒன்று. ஊரின் காற்றைப் பார்த்து மருந்தை மாற்றியிருக்கிறார்கள். இத்தனை கவனத்துக்குப் பிறகும் ஒலிம்பியாவில் தந்தம் வெடித்தது. மெசினியைச் சேர்ந்த தமொஃபோன் என்ற சிற்பி அதைத் திரும்பப் பொருத்தினார். சிலையைத் துடைத்துத் துலக்கும் பொறுப்பு ஃபிடியாசின் வழிவந்தவர்களிடம் இருந்தது.

நம் வழக்கத்துக்கு நெருங்கிய ஒன்று வேண்டுமானால் ஏதென்சின் பழைய மர அதீனாவைப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருநாள் ஆடை, நகை களைந்து, உருவத்தைத் துணியால் மூடிவிடுவார்கள். அன்று நல்ல காரியம் எதுவும் தொடங்கமாட்டார்கள்.

கடலுக்குப் போகிறவர்கள் போசைடனை எப்படிக் கும்பிட்டார்கள்? நம் கோணேசர் மலைபோல் கடல்முனையில் அவருக்குக் கோயில் உண்டா?
– வாசகர், திருக்கடலூர்

உண்டு. ஏதென்சுக்குத் தெற்கே உள்ள சூனியன் என்ற கடல்முனையில், கடலிலிருந்து ஏறத்தாழ 60 மீற்றர் உயரப் பாறையில், கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பளிங்குத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. முந்திய கோயிலைப் பாரசீகர் அழித்த பிறகு கட்டியது. சூரை இன மீன் ஓடும் பருவத்தில், முதலில் பட்ட மீனை அவருக்குப் பலியிடும் வழக்கம் மீனவரிடம் இருந்தது.

போசைடனைக் கடலோடு மட்டும் நிறுத்தக் கூடாது. நிலத்தை நடுக்குபவரும் அவரே. கி.மு. 479இல் பொதிடேயா என்ற கிரேக்க நகரைப் பாரசீகர் முற்றுகையிட்டிருந்தபோது கடல் வழக்கத்தை மீறி உள்வாங்கியது. வழி கிடைத்ததென்று படை இறங்கி நடந்தது. ஐந்தில் இரண்டு பங்கு தூரம் போனபோது தண்ணீர் திரும்பி வந்தது. நீந்தத் தெரியாதவர்கள் மூழ்கினார்கள். தெரிந்தவர்களைப் பொதிடேயர் வள்ளங்களில் வந்து கொன்றார்கள். தம் ஊர்ப்புறத்துப் போசைடன் கோயிலையும் சிலையையும் அவமதித்த பாரசீகரையே கடல் கொண்டது என்றார்கள் ஊரார். வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் இதை எழுதி, அவர்கள் சொன்னது சரி என்றும் சேர்த்திருக்கிறார். 2004 மார்கழியில் கடல் வற்றியதைக் கரையில் நின்று கண்டவர்களுக்கு அந்தப் பக்கத்துக்கு விளக்கம் தேவைப்படாது.