தாத்தாவின் மூச்சும் பேத்தியின் படிப்பும்

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் கேள்வி இரண்டு. ஒன்றை இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள்: பிளஸ் டூ படிக்கும் மகள் நீட் கோச்சிங் வேண்டாம் என்கிறாள், நுரையீரலைச் சரிசெய்யும் ஸ்டெம் செல்லைப் பற்றி ஆராய்ச்சி பண்ணப் போகிறாளாம், அதில் சோறு கிடைக்குமா? இன்னொன்று பின்குறிப்பாக ஒரே வரி: நூல் மில்லில் முப்பது வருஷம் பஞ்சுத் தூசியில் நின்ற மாமனாருக்கு, ஸ்டெம் செல் ஊசி போட்டால் மூச்சிரைப்பு போய்விடும் என்று விளம்பரம் வந்திருக்கிறது, போடலாமா?

பின்குறிப்புக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போடாதீர்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் இதைச் சொல்ல டாக்டர் தேவையில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரும் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகவே இருக்கிறது. ரத்த நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை தவிர, வேறு எந்த ஸ்டெம் செல் சிகிச்சையும் வழக்கமான சிகிச்சை கிடையாது. மற்றதெல்லாம் ஆராய்ச்சி. ஆராய்ச்சியில் சேரும் நோயாளியிடம் பணம் கேட்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்கிறார்கள் என்றால் நீங்களே புரிந்துகொள்ளுங்கள். அந்தப் பணத்தை பேங்கில் போடுங்கள், பெரியவரை நெஞ்சக மருத்துவரிடம் காட்டி, இன்ஹேலரைச் சரியாகத்தான் உறிஞ்சுகிறாரா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் மருந்தை நாக்கில்தான் அடித்துக்கொள்கிறார்கள்.

இனி மகள் விஷயம். அவள் ஆசைப்படுகிற துறை எது என்று முதலில் உங்களுக்குப் புரிய வேண்டும், அப்போதுதான் அவளோடு பேச முடியும்.

நம் மூச்சுக்குழாயின் உள்சுவரில் மயிரிழை போன்ற சிலியா வைத்த செல்கள் தூசியையும் சளியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அவற்றுக்கு அடியில், தரையோடு ஒட்டிக் குட்டையாக உட்கார்ந்திருப்பவை அடிச்செல்கள், ஆங்கிலப் பெயர் பேசல் செல். மேலே உள்ளவை காய்ச்சலிலோ புகையிலோ செத்தால், இவை பெருகி மறுபடி சுவரைக் கட்டும். இப்படித் தானும் பெருகி, வேறு வகைச் செல்லாகவும் மாறக்கூடியதைத்தான் ஸ்டெம் செல் என்கிறோம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பிரிஜிட் ஹோகனின் குழு 2009-ல் இதை எலியிலும் மனிதச் செல்லிலும் காட்டியது. மூச்சுக்குழாய்க் கிளைகளின் நுனியில் இருக்கும் காற்றறைகளில் ஆள் வேறு: இரண்டாம் வகைச் செல்கள். அறை சுருங்கிப் போகாமல் காக்கும் வழுவழுப்புத் திரவத்தைச் சுரப்பதும் அவைதான், காயம்பட்டால் மெல்லிய முதல் வகைச் செல்லாக மாறிச் சுவரை மூடுவதும் அவைதான்.

2013-ல் வந்த இன்னொரு வேலையை மகளிடம் கேட்டுப் பாருங்கள், அவளுக்குத் தெரிந்திருந்தால் ஆசை உண்மையானது. பாஸ்டனில் ஜெயராஜ் ராஜகோபாலின் ஆய்வகத்தில் புருஷோத்தம ராவ் டாட்டாவும் மற்றவர்களும் எலியின் மூச்சுக்குழாயில் அடிச்செல்களை மட்டும் அழித்தார்கள். வேர் போனால் மரம் போகும் என்றுதானே நினைப்போம்? மேலே இருந்த சுரப்புச் செல்கள் பின்னோக்கிப் போய் அடிச்செல்லாகவே மாறின. கிளை வேரானது. நான் அதைப் படித்த அன்று மத்தியானம் சாப்பிட மறந்தேன்.

ஆனால் இதிலிருந்து தாத்தாவுக்கு மருந்து வர எவ்வளவு தூரம் என்பதையும் அவள் அறிய வேண்டும். எலிக்கு அடிச்செல் பெரிய மூச்சுக்குழாயில்தான் உண்டு; மனிதருக்கோ மிகச் சிறிய கிளைகள் வரை இருக்கிறது. எலியில் நடந்தது நம்மில் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. பீடி, சிகரெட் புகை வருஷக்கணக்கில் படும்போது இதே அடிச்செல்கள் தாறுமாறாகப் பெருகி, சிலியாவுக்குப் பதில் சளிச் செல்களை அதிகம் உண்டாக்குகின்றன. ரிப்பேர் பார்க்க வந்தவரே வீட்டைக் கெடுப்பது மாதிரி. இடிந்துபோன காற்றறைச் சுவரைத் திரும்பக் கட்டும் சிகிச்சை இன்னும் கையில் இல்லை.

பாவ்லோ மக்கியாரினி என்ற பெயரையும் அவள் தேடிப் படிக்கட்டும். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் 2011 முதல், பிளாஸ்டிக் மூச்சுக்குழாயில் நோயாளியின் ஸ்டெம் செல்லைத் தூவிப் பொருத்தியவர். உலகமே கைதட்டியது. அங்கே பொருத்தப்பட்ட மூன்று பேரும் இறந்துபோனார்கள். 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை வருஷச் சிறை விதித்தது. உங்களுக்கு வந்த விளம்பரமும் ‘ஸ்டெம் செல்’ என்ற இதே வார்த்தையை வைத்துத்தான் பிழைக்கிறது. காலேஜ் நோட்டீஸும் அப்படித்தான், அதற்கு வருகிறேன்.

அன்றாட வேலை எப்படி இருக்கும்? எம்.எஸ்சி. முடித்து ஒரு லேபில் இரண்டு வருஷம் இருந்தவன் நான், சொல்கிறேன். சல்லடை போன்ற சின்ன வட்டத் தட்டில் மூச்சுக்குழாய்ச் செல்களை விதைப்போம். அவை நெருக்கமாகப் பரவியதும் மேலே உள்ள மீடியாவை, அதாவது ஊட்டத் திரவத்தை, உறிஞ்சி எடுத்துவிட்டு, கீழிருந்து மட்டும் ஊட்டம் கொடுப்போம். மேற்பக்கம் காற்று படும். மூன்று, நான்கு வாரம். இரண்டு நாளைக்கு ஒருமுறை மீடியா மாற்ற வேண்டும், பொங்கலோ ஞாயிறோ செல்லுக்குத் தெரியாது. ஒருநாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒரு மூலையில் ஏதோ மினுங்கும். காற்றில் நெல் வயல் அசைவது போல சிலியா துடிக்கத் தொடங்கியிருக்கும். அதற்காகத்தான் மனுஷர்கள் இந்த வேலையில் இருக்கிறார்கள். அதே லேபில் ஒரு திங்கட்கிழமை, ரோஸ் நிற மீடியா மஞ்சளாகிக் கலங்கிக் கிடந்தது. கன்டாமினேஷன், அதாவது உள்ளே கிருமி புகுந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான். இருபத்திரண்டு நாள் உழைப்பைக் குப்பையில் கொட்டினேன். இன்னொரு முறை ஆரம்பிக்கும் பொறுமை எனக்கு இல்லை, வெளியே வந்தேன். உங்கள் மகளிடம் அந்தப் பொறுமை இருக்கிறதா என்பதுதான் கேள்வி, மார்க் அடுத்தது.

படிப்பு. காலேஜ் நோட்டீஸில் ‘ஸ்டெம் செல்’, ‘ரீஜெனரேட்டிவ்’ என்று பெயர் வைத்த இளங்கலைப் படிப்புக்கு ஓடாதீர்கள். அடிப்படை உயிரியல், வேதியியல், கொஞ்சம் கணக்கு இவைதான் வேண்டும். என் முதல் தேர்வு ஐசர், மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம். ஐந்து வருஷ பி.எஸ்.-எம்.எஸ்.; திருப்பதியும் திருவனந்தபுரமும் உங்களுக்குப் பக்கம். அதற்கான ஐ.ஏ.டி. நுழைவுத் தேர்வில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணக்கு நான்கிலும் 15 கேள்விகள். அவள் பயோ மேத்ஸ் குரூப் என்பது நல்லதாயிற்று. கிடைக்காவிட்டால் நல்ல லேப் உள்ள காலேஜில் பயோகெமிஸ்ட்ரி, பயோடெக்னாலஜி அல்லது விலங்கியல், பிறகு ஜாம் அல்லது காட்-பி நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி. காலேஜ் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். செல் வளர்க்கும் செல் கல்ச்சர் அறையைத் திறக்கச் சொல்லுங்கள். இன்குபேட்டர் ஓடுகிறதா, உள்ளே தட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் அது பூட்டிக் கிடக்கும், சாவி யாரிடம் என்றே தெரியாது.

கம்ப்யூட்டரையும் விட வேண்டாம். ஐயனோசைட் என்ற, மூச்சுக்குழாயில் நூற்றுக்கு ஒன்று தேறும் புதுச் செல்லை 2018-ல் கண்டுபிடித்தது, ஒவ்வொரு செல்லிலும் எந்த ஜீன் வேலை செய்கிறது என்று கணக்கிட்டுப் பிரிக்கும் முறையால்தான். பைத்தான் அல்லது ஆர் என்ற கம்ப்யூட்டர் மொழி தெரிந்த உயிரியல் மாணவிக்கு இன்று எந்த லேபிலும் இடம் உண்டு.

பிஎச்.டி.க்கு பெங்களூரின் இன்ஸ்டெம், ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. போன்ற ஆராய்ச்சி நிறுவனங்கள். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் வளாகத்திலேயே ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

காசு விஷயத்தை மறைக்க மாட்டேன். நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000, பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. பிஎச்.டி. முடியும்போது அவளுக்கு வயது 28, 29 ஆகிவிடும், அதற்குப் பிறகும் சில வருஷம் போஸ்ட்டாக், அதாவது இன்னொரு லேபில் தற்காலிக ஆராய்ச்சி வேலை. கல்யாணப் பேச்சு நடுவில் வரும், அதற்கு நான் ஆலோசகன் இல்லை. பேராசிரியர் பதவி எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் செல் கல்ச்சர் கைவந்தவருக்குத் தடுப்பூசிக் கம்பெனி, மருந்துக் கம்பெனி, ஒப்பந்த ஆராய்ச்சி நிறுவனம் என்று கதவுகள் உண்டு. நோயாளியின் நோய் எதிர்ப்புச் செல்லையே எடுத்து, மாற்றி வளர்த்துத் திரும்பச் செலுத்தும் கார்-டி புற்றுநோய் சிகிச்சை நம் நாட்டிலேயே உருவாகி, அதற்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அங்கே செல்லை வளர்ப்பதே உற்பத்தி. இவ்வளவு வருஷம் முடியாது என்றால், நுரையீரல் நோயாளிகளோடு நேரடியாக வேலை பார்க்கும் பி.எஸ்சி. ரெஸ்பிரேட்டரி தெரபி இருக்கிறது. அதைக் குறைவாக நினைக்க வேண்டாம், ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் பக்கத்தில் நிற்பவர்கள் அவர்கள்.

இப்போதைக்கு ஒரு வேலை. ஓ.பி.சி. பிரிவில் விண்ணப்பிப்பதாக எழுதியிருந்தீர்கள். பள்ளியில் கொடுத்த மாநில சாதிச் சான்றிதழ் ஐசருக்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் இல்லை என்று, நடப்பு நிதியாண்டில் வாங்கிய சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கையில் வந்ததும் பெயரில் இனிஷியல் சரியாக இருக்கிறதா பாருங்கள். போன வருஷம் ஒரு பையனுக்கு அதில்தான் சிக்கிக்கொண்டது.