அடைத்துக்கொண்ட மைனஸ் ஓட்டை

வணக்கம். மதர்போர்டில் உப்பிப்போன கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டீர்கள், அதன் பிளஸ் கால் இருந்த ஓட்டை சுத்தமாகிவிட்டது, மைனஸ் ஓட்டையில் மட்டும் சக்கரை, அதாவது உருகிய ஈயத்தை உறிஞ்சும் பம்பை, பத்து தடவை அடித்தும் ஈயம் (சால்டர்) வரவில்லை என்கிறீர்கள். சக்கர் மேல் தப்பில்லை. மைனஸ் ஓட்டை போர்டுக்குள் இருக்கும் கிரவுண்ட் செம்புத் தகட்டோடு சேர்ந்திருக்கும். கொடுக்கிற சூட்டையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும். மேலே பளபளவென்று உருகியிருக்கும், நடுவில் கட்டியாகவே நிற்கும்.

பழைய சால்டரின் மேல் ஃப்ளக்ஸ் பேஸ்ட் தடவி, புது 63/37 சால்டர் (63% வெள்ளீயம், 37% காரீயம்) கொஞ்சம் வையுங்கள். பழையது காரீயம் கலக்காத சால்டராக இருந்தால் உருக சுமார் 217 டிகிரி வேண்டும், புதுசு 183-லேயே உருகிவிடும். இரண்டும் கலந்தால் இளகும். சால்டரிங் அயர்னில் ஊசி பிட்டை (முனையை) மாற்றிப் பட்டை பிட் போடுங்கள். ஹாட் ஏர் (சூடான காற்று ஊதும் கருவி) இருந்தால் அந்த இடத்தை முதலில் 100 டிகிரி அளவுக்குச் சூடாக்குங்கள். பிறகு ஒரு பக்கம் பிட், மறுபக்கம் சக்கர். வரவில்லையா, ஆறவிட்டு மறுபடி. பிட்டை அழுத்தினால் பேட், அதாவது ஓட்டையைச் சுற்றியுள்ள செம்பு வளையம், பெயர்ந்துவிடும்.

டிரில் பிட் விட்டு மட்டும் குடையாதீர்கள். ஓட்டையின் உள்சுவர்ச் செம்பு போனால் போர்டின் உள் அடுக்குகளோடு இருக்கும் இணைப்பும் போச்சு; ஒரு போர்டை அப்படித்தான் நான் காலி பண்ணினேன். அதற்குப் பதில் ஈயம் உருகி இருக்கும்போதே பல்குச்சியைச் செருகுங்கள், மரத்தில் ஈயம் ஒட்டாது.

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சக்கர் சில சமயம் ஈயத்தைத் தெறிக்கவிடும். சாப்பிடும் முன் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அப்புறம், மதர்போர்டில் இருக்கும் வட்டமான சிமாஸ் பேட்டரியைக் கழற்றிவிட்டீர்களா?