கேள்வி – பதில்: இருபது வயதில் துடுப்பெடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கடற்றொழில் செய்யும் குடும்பம். பள்ளியில் வலைப்பந்தாட்டம் ஆடிய என் மகள் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி, அங்கே படகோட்டக் குழுவில் சேரப்போவதாக ஒற்றைக்காலில் நிற்கிறாள். கடலுக்குப் போகாமல் படிக்கட்டும் என்று வளர்த்த பிள்ளை துடுப்புப் பிடிப்பதா என்று தகப்பனார் கேட்கிறார். இருபது வயதில் தொடங்கி என்ன பயன், படிப்பும் கெட்டுவிடுமே என்பது என் கவலை.
— ஒரு தாய், குருநகர்

பதில்: இந்த விளையாட்டுக்கு இருபது பிந்திய வயதன்று. 2000 மீற்றர் தூரத்தை ஏறத்தாழ ஏழு நிமிடங்களில் வலித்துக் கடக்க வேண்டியிருப்பதால், ஆண்டுக்கணக்கான பயிற்சியில் மெல்ல வளரும் மூச்சுவலுவும் கால்வலுவும் உயரமுமே இதில் கைகொடுக்கின்றன.

பிரித்தானியாவின் ஹெலன் குளோவர் இருபது வயதைத் தாண்டிய பின்னர், 2008இல்தான் முதன்முதலாகப் பயிற்சிக்கு வந்தார். 2012இல் ஹெதர் ஸ்டானிங்குடன் ஒலிம்பிக் தங்கம் வென்றார். 2016இல் அதையே மீண்டும் வென்றார். மூன்று பிள்ளைகளுக்குத் தாயான பின்னர் 2024இல் பாரிஸில் நால்வர் படகில் வெள்ளியும் பெற்றார். எல்லோரும் எடுத்துக்காட்டும் கதை இது. ஆனால் உயரமானவர்களைத் தேடிப்பிடித்து, பொதுப்பணத்தில் முழுநேரப் பயிற்சியளித்து மேடையேற்றிய ஓர் ஏற்பாடு அவருக்குப் பின்னால் இருந்தது. உங்கள் மகள் அதை எதிர்பார்க்க முடியாது என்பதால், அவருக்கு நான் சொல்ல விரும்புவது கத்தரின் கிரெயிஞ்சரின் வரலாற்றையே.

1975இல் கிளாஸ்கோவில் பிறந்த கிரெயிஞ்சர், 1993இல் சட்டம் படிக்க எடின்பரோப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோதுதான் படகோட்டத்தைப் பழகினார். அதற்கு முன்னர் அவர் அறிந்திருந்தது கராத்தே. 2000இல் சிட்னியிலும், 2004இல் ஏதென்ஸிலும், 2008இல் பெய்ஜிங்கிலும் அவருக்குக் கிடைத்தவை வெள்ளிப் பதக்கங்களே. பெய்ஜிங்கில் உலக வெற்றியாளர்களாகச் சென்ற அவருடைய நால்வர் படகைக் கடைசிக் கட்டத்தில் சீனப் படகு முந்திக்கொண்டது. மேடையில் அவர்கள் அழுதுகொண்டு நின்றதை அன்று பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பின்னரும் விலகிவிடாமல், அன்னா வற்கின்ஸுடன் இருவர் படகில் இணைந்து, 2010லும் 2011லும் உலகப் போட்டிகளை வென்று, 2012இல் தமது 36ஆவது வயதில் லண்டன் ஒலிம்பிக்கில் முதல் தங்கத்தைப் பெற்றார். துடுப்பைத் தொட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் 19 ஆண்டுகள்!

படிப்பு கெட்டதா என்று கேட்டீர்கள். பயிற்சி நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் அவர் சட்டத்தில் இளமாணிப் பட்டமும், மருத்துவச் சட்டமும் அறவியலும் பற்றிய ஆய்வுப் பட்டமும் பெற்றார். கொலைக் குற்றங்களுக்கான தண்டனை குறித்து லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஆய்வு செய்து, 2013இல் கலாநிதியானார். இரண்டு ஆண்டுகள் ஒதுங்கியிருந்துவிட்டுத் திரும்பியபோது எல்லாம் கைகூடவில்லை. 2016இல் விக்கி தோர்ன்லியுடனான இருவர் படகு சரிவர ஓடாததால், இருவரும் எண்மர் படகுக்கு முயன்று, அங்கும் தெரிவாகாமல், பழைய படகுக்கே திரும்பினார்கள். அதே படகில் ரியோ ஒலிம்பிக்கில் போலந்துக்கு ஒரு செக்கனுக்கும் குறைவான இடைவெளியில் பின்தங்கி வெள்ளி வென்றார்கள். கிரெயிஞ்சருக்கு அப்போது நாற்பது வயது. ஐந்து ஒலிம்பிக்குகளில் ஐந்து பதக்கங்கள்.

எல்லோருக்கும் இது வாய்க்கும் என்று நான் சொல்லவில்லை. பல்கலைக்கழகக் குழுவின் பயிற்சி, நாளுக்கு இரண்டு மூன்று முறை நடக்கும் தேசிய அணியின் பயிற்சியைப் போன்றதுமன்று. விடியற்காலையில் எழ வேண்டும், உள்ளங்கை கொப்பளிக்கும், அதனால் பரீட்சைக் காலத்துக்கு எவ்வளவு பயிற்சி என்பதைக் குழுவினரிடம் முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. நன்றாக நீந்தத் தெரியாமல் படகில் ஏறக் கூடாது. கடற்கரையில் பிறந்தும் நம் பெண்பிள்ளைகளில் பலருக்கு யாரும் நீச்சல் கற்றுக்கொடுப்பதில்லை என்பதால் இதைச் சொல்கிறேன். தகப்பனாரின் மறுப்பு, தம் உழைப்பின் பாரம் பிள்ளைக்கு வரக் கூடாதென்ற எண்ணத்தில் எழுந்தது. மகள் வலிக்கும் படகை அவர் ஒருமுறை நேரில் பார்க்கட்டும். குறை சொல்வதற்காவது அவருக்கு நிறைய இருக்கும்.

கேள்வி: போட்டிப் படகில் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறவர்கள் எப்படி வழி தவறாமல் செல்கிறார்கள்?
— ஒரு வாசகர், வல்வெட்டித்துறை

பதில்: பின்னோக்கி அமர்வது கால்வலுவைப் பயன்படுத்துவதற்காகவே. இருக்கை சில்லில் முன்னும் பின்னும் நகரும். பாதங்கள் படகோடு பிணைக்கப்பட்டிருக்கும். காலால் உதைப்பதில்தான் விசையின் பெரும்பகுதி பிறக்கிறது, கை அதைத் துடுப்புக்குக் கொண்டுசேர்க்கிறது. எண்மர் படகில் வழி பார்ப்பதற்கென்றே சுக்கானோடு ஒருவர் இருப்பார். தனியாள் படகில் சுக்கான் கிடையாது. இடையிடையே தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து, இரு கைகளின் இழுவையைக் கூட்டியும் குறைத்தும் நேர்ப்படுத்த வேண்டும்.

கேள்வி: பெண் படகோட்ட வீராங்கனைகளில் உங்கள் கணிப்பில் முதலிடம் யாருக்கு?
— ஒரு மாணவி, சாவகச்சேரி

பதில்: ருமேனியாவின் எலிசபெத்தா லிப்பாவுக்கு. ஒலிம்பிக்கில் பெண்களின் படகோட்டம் 1976இல்தான் தொடங்கியது. 1984இல் அவர் முதல் தங்கத்தை வென்றபோதும் பெண்களுக்கான தூரம் 1000 மீற்றராகவே இருந்தது. 1988இல் அது இரட்டிப்பானது. அதற்கும் தம்மைப் பழக்கிக்கொண்டு 1992இல் தனியாள் படகிலும், பின்னர் 1996, 2000, 2004 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளில் எண்மர் படகிலும் தங்கம் வென்றார். மொத்தம் ஐந்து தங்கம், இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம். தனியாக வெல்லத் தெரிந்த ஒருவர் எட்டுப் பேரில் ஒருவராக அடங்கி வலிப்பது அரிது என்பதனால்தான் கிரெயிஞ்சரை விட இவரை மேலே வைக்கிறேன். பிற்காலத்தில் இவர் தம் நாட்டின் இளைஞர் விளையாட்டுத்துறை அமைச்சராகவும் இருந்தார்.