அவன் ஏன் அப்படி ஓட்டுறான்?

ராமநாதபுரம் கடலோர ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஆலோசகராக இருக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகள் இவை. பெயர்களை எடுத்துவிட்டேன்.

தங்கச்சிமடம், ஒரு அம்மா: அக்கா, மகனுக்கு 16 வயசு. ராத்திரி அரிச்சல்முனை ரோட்டுல பைக்க விரட்டுறான், குடிக்கவும் பழகிட்டான். சின்னதுல அவங்கப்பா பெல்ட்டால அடிப்பாரு. இப்ப அடிக்கிறதே இல்ல. அது முடிஞ்ச கதைதானே?

அவன் உடம்புக்கு அந்தக் கதை இன்னும் முடியலம்மா. எப்ப அடி விழும்னு காத்திருந்தே வளர்ந்த பிள்ளைக்கு, ஆபத்து நேரத்துல மட்டும் சுரக்க வேண்டிய கார்டிசால் மாதிரி ஹார்மோன்கள் அடிக்கடி சுரந்துக்கிட்டே இருக்கும். பாம்பன்ல ஏத்துன புயல் கூண்ட இறக்க மறந்த மாதிரி. புயல் போயிருச்சு, கூண்டு இன்னும் தொங்குது. இதுல வயசு வேற. மூளையில நம்மள நிறுத்திப் பிடிக்கிற முன்பகுதி முழுசா முதிர 25 வயசு வரைக்கும் ஆகும். வேகத்துல சுகம் காணுற பகுதி அதுக்கு ரொம்ப முன்னாலயே விழிச்சிரும். குடிச்சா அந்தப் படபடப்பு ரெண்டு மணி நேரம் அடங்குது. நமக்கு அது கெட்ட பழக்கம், அவனுக்கு மருந்து.

இது என் ஊகம் இல்ல. அமெரிக்காவுல சான் டியேகோவுல 17,000க்கும் மேற்பட்ட பெரியவங்ககிட்ட சிறுவயசு அனுபவத்தக் கேட்டு ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு. 1998ல வந்த அதோட முதல் கட்டுரையிலயே, நாலு வகையோ அதுக்கு மேலயோ துன்பப்பட்டவங்களுக்குக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி இதெல்லாம் 4 முதல் 12 மடங்கு அதிகம்னு இருக்கு.

பைக் சாவிய வாங்கி வைங்க, வேண்டாங்கல. ஆனா அவங்கப்பா ஒரு நாள் உக்காந்து "நான் அடிச்சது தப்புப்பா"ன்னு சொல்லணும். அதுதான் கஷ்டம், தெரியும்.

மண்டபம், ஒரு அப்பா: அடிக்காம வளர்த்தா கடலுக்குப் போற பய எப்படி உறுதியாவான்?

அலைக்குப் பயப்படட்டும் அண்ணே, உங்களுக்கு எதுக்கு?

கீழக்கரை, ஒரு அக்கா: தங்கச்சிக்கு 14 வயசு. எப்பவும் வயித்துவலி, ஸ்கேன்ல ஒண்ணுமில்ல. கையில பிளேடால கீறிக்கிறா. ஒரு சொந்தக்காரர் வந்தா மட்டும் ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிறா.

உங்க கடைசி வரிய ரெண்டு தடவ படிச்சேன். இன்னதுதான்னு நான் இங்க இருந்து சொல்ல முடியாது. ஆனா இன்னைக்கே அவர் வர்றத நிறுத்துங்க. காரணம் கேட்டா எதையாச்சும் சொல்லிக்கலாம். தங்கச்சிய "யாரு, எத்தன தடவ"ன்னு குடையாதீங்க. பக்கத்துல படுத்துக்கிட்டு, "எது சொன்னாலும் நான் நம்புவேன்"னு மட்டும் சொல்லுங்க. கீறிக்கிறது நாடகம் இல்ல, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்க. அவ வாயத் தொறந்து சொன்னா, குடும்ப மானம்னு மூடக்கூடாது. பிள்ளைகளப் பாலியல் கொடுமையில இருந்து காக்குற 2012 போக்ஸோ சட்டப்படி, விஷயம் தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் புகார் சொல்லியே ஆகணும். குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசலாம். பிள்ளை பேர பத்திரிகை போட அந்தச் சட்டமே விடாது.

ஏர்வாடிப் பக்கம், ஒரு பாட்டி: பேரன் ராத்திரி அலறுறான். தர்காவுல கொண்டுபோய் வைக்கவா?

துஆ கேளுங்க பாட்டி, டாக்டரயும் பாருங்க. ஆனா எங்கயும் கட்டி மட்டும் வைக்காதீங்க. 2001 ஆகஸ்ட்ல ஏர்வாடியில ஒரு மனநலக் காப்பகத்துல சங்கிலியோட தீயில போன 28 பேர நாம மறக்கக் கூடாது.

தொண்டி, 17 வயசுப் பையன்: எங்கிட்டயும் ஒருத்தர் தப்பா நடந்துக்கிட்டாங்க. ஆம்பளப் பையன் சொன்னா யாரு நம்புவா? நானும் குடிச்சுத்தான் அழிவேனா? சித்தப்பாவோட வல்லத்துல போறப்ப மட்டும் நிம்மதியா இருக்கு. அவர் எதுவும் கேக்க மாட்டாரு.

நான் நம்புறேன் தம்பி. 2007ல மத்திய அரசு 13 மாநிலத்துல 12,447 பிள்ளைகள்கிட்ட கேட்டப்ப, பாதிக்கு மேல ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்பத்தச் சொன்னாங்க. அதுல ஆம்பளப் பிள்ளைகதான் கொஞ்சம் கூட. மேல சொன்ன மடங்குக் கணக்கு கூட்டத்துக்குத்தான், உங்க கைரேகை இல்ல. நம்புற பெரியவங்க ஒருத்தர் கூட இருந்தாலே பல பிள்ளைக தேறி வந்துருக்காங்க. தூக்கம் வராத ராத்திரி அரசு மனநல உதவி எண் 14416க்குப் போடுங்க, காசில்ல. சித்தப்பா கேக்காம இருக்காருன்னா அக்கறை இல்லன்னு ஆகாது. வலையில சிக்கெடுக்குற நேரத்துல ஒரே ஒரு வரி சொல்லிப் பாருங்க.